ஒரு தண்ணி கலக்குங்க

பங்காலான் ஹவுஸ் ஹோட்டல்,
பழைய டவுன், கிள்ளான்.
7 ஜூன் 2024, வெள்ளி மாலை

வீரம்மாவுக்கு,

நலம். நீ நலமாக இருப்பதைத் தாமரை அவ்வப்போது சொல்கிறாள். என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் மூலையில் வீசிவிடாதே. இது சண்டைக் கடிதம் இல்லை, சாப்பாட்டுக் கடிதம்.

நீயும் நானும் போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் பற்றிக்கொள்கிறது என்று நம் மகளுக்குத் தெரியும். “அம்மாகிட்ட நேரா பேசாதீங்க லா அப்பா, கல்யாண வேலையில எனக்கு பிபி ஏறுது” என்றாள். சரி என்றேன். ஆனால் இந்த அறையில் சன்னலோரம் ஒரு மேசை இருக்கிறது. அதன்மேல் பட்டுத்துணி மாதிரி வழவழப்பான தாள், உறை, பேனா எல்லாம் வைத்திருக்கிறார்கள். “எழுதிக் குடுங்க சார், தபால்ல நாங்களே சேத்துடறோம்” என்கிறார் அறையைக் காட்ட வந்த தம்பி. இவ்வளவு நல்ல தாளைப் பார்த்த பிறகு யாருக்காவது எழுதாமல் இருக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் எழுத உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

கல்யாண விருந்துக்கு இந்த இடத்தைப் பிடித்தவர்களுக்கு, பெண்ணின் அப்பா அம்மா வந்து தங்கி, சமையலை ருசி பார்த்துச் சொல்ல ஓர் அறையை இரண்டு இரவு சும்மா கொடுக்கிறார்களாம். அப்பா அம்மா என்றால் ஒரே அறையில் இருப்பவர்கள்தானே என்று நினைத்துவிட்டார்கள், பாவம். தாமரை ஆளுக்கு ஓர் இரவாக வெட்டிக் கொடுத்துவிட்டாள். என் பங்கு இன்றைக்கு. உன் பங்கு இரண்டு வாரம் கழித்து.

பயப்படாமல் வா. கிள்ளான் ஸ்டேஷனுக்கு எதிரே பழைய கடைவீடுகள் வரிசையாக இருக்குமே, அதில் ஏழெட்டை உள்ளுக்குள் ஒன்றாக இணைத்து ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். வெளியே காக்கி லீமா நடைபாதையில் இன்னமும் பூக்கடை, சாம்பிராணி வாசம். ஒரு கதவைத் தள்ளி உள்ளே வந்தால் வேறு உலகம். நடுவில் வானம் பார்த்த முற்றம். நான் வந்தபோது மழை. வீட்டுக்கு நடுவே மழை பெய்கிறது, சுற்றிலும் மேசை போட்டு ஆட்கள் ஈரம் படாமல் சாப்பிடுகிறார்கள். அதுதான் அவர்களுடைய ரெஸ்டாரண்ட். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

நான் யார்? போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவன். இந்தத் தெருவில் லோரியை நிறுத்தினால் விசில் ஊதி விரட்டுவார்கள். இன்றைக்கு வாசலில் ஒருவர் குடை பிடிக்கிறார், ஒருவர் பையை வாங்குகிறார், எல்லோருக்கும் என் பெயர் தெரிந்திருக்கிறது. போலி மரியாதை இல்லை வீரம்மா. எனக்கு வித்தியாசம் தெரியும்.

அறையைக் காட்டிய தம்பியின் பெயர் சொக்கலிங்கம். காரைக்குடிப் பக்கம், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பம்பரம். ஒரு முறை பார்த்தால் போதும், மறப்பதே இல்லை. மத்தியானம் தட்டில் கொத்தமல்லித் தழையை ஓரமாக ஒதுக்கினேன். மாலையில் ருசி பார்க்க வந்த எதிலும் தழை இல்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை! விருந்தாளிக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் மறக்கக் கூடாது என்பது இங்கே சட்டமாம்.

சமையல் பற்றிச் சொல்கிறேன். மீன் தலைக் கறியில் முதலில் புளி, கொஞ்சம் பொறுத்துத்தான் காரம். ஆட்டிறைச்சிப் பெரட்டல் கை வைத்தாலே பிரிகிறது. நண்டு ரசம் குட்டிக் குவளையில் வருகிறது. இன்னொன்று கேட்க வெட்கப்பட்டேன், கேட்காமலே வந்தது. கடைசியில் மலாக்கா வெல்லம் போட்ட ஜவ்வரிசிப் பாயாசம். உன் பாயாசத்துக்கு அடுத்தபடி என்று வைத்துக்கொள்.

குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. வந்து உட்கார்ந்ததும் நாக்கு வறண்டு கிடந்தது. அந்தத் தம்பியிடம் கேட்டேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு மரியாதையாக மூலையில் இருந்த சின்னக் குளிர்பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுப் போய்விட்டார். உள்ளே பார்த்தேன், மூடிவிட்டேன். நானே கெட்டிலைத் தட்டிவிட்டுக் கோப்பி கலக்கிக்கொண்டேன். இவ்வளவு பெரிய இடத்தில் இதற்கு ஆள் இல்லையா என்று தோன்றியது.

வீரம்மா, சுற்றி வளைத்தது போதும். கோயிலில் தாரை வார்க்க யார் உட்காருவது? பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுப்பது அப்பா. அந்தக் கை மேல் தண்ணீர் ஊற்றுவது அம்மா. ஒருவர் இல்லாமல் ஒருவர் செய்ய முடியாது. உன் அண்ணன் முகுந்தனும் அண்ணியும் உட்காரப் போவதாகக் காதில் விழுந்தது. நான் கேட்பது அந்த ஒரு நாழிகை மட்டும்தான். அதற்குமேல் எதுவும் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
ராதாகிருஷ்ணன்


ரவாங்,
14 ஜூன் 2024

தாமரை அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் உறையைப் பார்த்துவிட்டு “என்னக்கா, லாட்டரி விழுந்துருச்சா?” என்று கேட்டார். அவ்வளவு ஆடம்பரமான உறை. எனக்கு அந்த மாதிரித் தாளெல்லாம் கிடையாது. பள்ளிக்கூடக் கெண்டீனில் சாமான் எழுதும் தாளில்தான் எழுதுகிறேன்.

கொத்தமல்லியை ஒதுக்கியதை ஓர் ஆள் கவனித்தார் என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் உங்கள் தட்டில் தழை போடாமல் சமைத்தவள் நான். அதற்கு ஒரு வரி எழுதியதாக ஞாபகம் இல்லை. சரி, போகட்டும்.

மீன் தலைக் கறி அத்தனை பேருக்கு வேண்டாம். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வருபவர்கள் முள்ளோடு போராட முடியாது. துண்டு மீன் போடச் சொல்லுங்கள். பெரட்டல் இருக்கட்டும். ரசத்தை நான் குடித்துப் பார்த்துச் சொல்கிறேன். ஆண்கள் ருசி பார்த்ததை நம்பி விருந்து வைத்தால் ஊர் சிரிக்கும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தாமரையின் இருபத்தோராவது பிறந்தநாளை நான் மறக்கவில்லை. வாடகைக்கு எடுத்த ஹால், அவளுடைய சிநேகிதப் பிள்ளைகள், சொந்தபந்தம், எல்லோர் முன்னாலும் கேக்கு மேசையோடு நீங்கள் சரிந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றைக்குத்தான் உங்கள் துணிமணியைக் கட்டி வாசலில் வைத்தேன். குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது என்று தாமரை சொல்கிறாள். சுங்கை வேயில் தனியாக இருக்கும் மனிதர் சாயங்காலம் என்ன செய்கிறார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்? என் மகள் கல்யாணத்தில் இன்னொரு மேசை சரிந்தால் நான் அந்த இடத்திலேயே செத்துப்போவேன்.

ஆனால் முடியாது என்று எழுதவும் கை வரவில்லை. நானும் ஹோட்டலுக்குப் போய் வருகிறேன். அங்கிருந்து சொல்கிறேன்.

வீரம்மா


சுங்கை வே,
18 ஜூன் 2024

வீரம்மாவுக்கு,

“முடியாது” என்று வரும் என நினைத்துத்தான் உறையைப் பிரித்தேன். வரவில்லை. அதுவே எனக்குப் போதும்.

நீ போவதற்கு முன் சில விஷயம் தெரிந்துகொள், நான் பட்ட அவமானம் நீ படக் கூடாது. சாப்பிடும் இடத்தில் மடியில் போட ஒரு துணி தருவார்கள். நீ கை கழுவ எழுந்தால் அதை மடித்து வேறு மாதிரி வைத்துவிடுவார்கள். நான் யாரோ என் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று நினைத்து அடுத்த மேசைச் சீனக் குடும்பத்தோடு போய் உட்காரப் பார்த்தேன். சாயங்காலம் தலையணைமேல் ஒரு சாக்லேட் இருக்கும். யாரோ மறந்து வைத்ததில்லை, உனக்குத்தான். குளிக்கும் இடத்தில் மூன்று திருகு இருக்கிறது, நடுவில் இருப்பதைத் தொடாதே, கூரையிலிருந்து கொட்டும்.

கட்டிலில் இடது பக்கம் படு. வலது பக்கம் ஏர்கோன் நேராக அடிக்கிறது, உன் கழுத்துக்கு ஆகாது.

ராதாகிருஷ்ணன்


பங்காலான் ஹவுஸ்,
கிள்ளான்.
22 ஜூன் 2024, சனிக்கிழமை

தாமரை அப்பாவுக்கு,

வந்து சேர்ந்தேன். நடுத் திருகைத் தொட்டேன். நீங்கள் தொடாதே என்றால் நான் தொடுவேன் என்று தெரியாதா? தலை சொட்டச் சொட்ட உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் கூட்டிச் சொல்வீர்கள் என்று நினைத்திருந்தேன். இந்தத் தடவை குறைத்துத்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு நாசி லெமாக் சோறு கட்டியே காலம் தள்ளியவளை யாராவது உட்காரவைத்து, “மேடம், சூடு போதுமா?” என்று கேட்டதுண்டா? இங்கே கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கவும் நிற்கிறார்கள். முற்றத்தில் இன்று மழை இல்லை, வெயில் சாய்வாக விழுந்து பித்தளைக் குவளையெல்லாம் மின்னிக்கொண்டிருந்தது. பாத்திரம் தேய்ப்பவருக்குக் கைகொடுக்க வேண்டும் போல் இருந்தது.

சமையலறைக்குள் விடுவீர்களா என்று கேட்டேன். விட்டார்கள்! சமையல்காரர் ரவாங் பையன்தான், நம் தாமான் குடியிருப்புக்குப் பின்புறம் வீடாம். ரசம் எனக்குப் பிடித்தது. உப்பு நிதானம் தெரிந்த கை. பாயாசத்தில் தேங்காய்ப்பாலை இறக்கிய பிறகு ஊற்று என்று சொன்னேன். முகம் சுளிக்காமல் அங்கேயே செய்து காட்டினான். பெரிய இடத்துச் சமையல்காரனுக்கு அந்தப் பணிவு எங்கிருந்து வந்ததோ, அவன் அம்மா நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். கீழே வரவேற்பு இடத்தில் ஆள் உயரத்துக்கு லில்லிப் பூ வைத்திருக்கிறார்கள். அந்த வாசம் பட்டால் எனக்கு மண்டை பிளக்கும். அறையிலும் அதுதான் இருக்கும் என்று பயந்துகொண்டே கதவைத் திறந்தேன். ஒரு கிண்ணத்தில் மல்லிகைதான் இருந்தது. சொக்கலிங்கத்திடம் கேட்டேன். “சார் போறப்ப சொல்லிட்டுப் போனாரு மேடம். எங்க வீட்டுக்காரம்மா வருவாங்க, அந்தப் பூவ மட்டும் வெச்சிடாதீங்க தம்பி, தலைவலில சுருண்டு படுத்துருவாங்கன்னு” என்றார்.

கடிதத்தில் நீங்கள் இதை எழுதவில்லை. ஏர்கோனைப் பற்றி எழுதினீர்கள், இதை எழுதவில்லை. நான் கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இடது பக்கம்தான். ‘எங்க வீட்டுக்காரம்மா’ என்ற வார்த்தையைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று.

அதனால் தாரை வார்ப்பதைப் பற்றி யோசித்துவிட்டேன். அண்ணனிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீங்கள் வேட்டி சட்டை மட்டும் நல்லதாக

கதவு தட்டுகிறார்கள். இருங்கள்.



மேலே எழுதியதைக் கிழித்துப்போட நினைத்தேன். நல்ல தாள், கிழிக்க மனம் வரவில்லை. அதோடு, எதைக் கையில் வாங்கி எதைக் கீழே போட்டீர்கள் என்று உங்களுக்கும் தெரிய வேண்டும்.

கதவைத் தட்டியது சொக்கலிங்கம்தான். கையில் வெள்ளித் தட்டு. தட்டில் சிவப்பு ரிப்பன் கட்டிய விஸ்கி போத்தல், இரண்டு கண்ணாடி. இது யாருக்கு என்று கேட்டேன். “சாரும் கூட வருவாருன்னு நெனச்சு வாங்கி வெச்சோம் மேடம். போன தடவை வந்ததும் வராததுமா தண்ணிதான் கேட்டாரு. கெஸ்ட்டுக்குப் பிடிச்சத நாங்க மறக்க மாட்டோம்” என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மனசோடு கொண்டுவந்தார். போத்தலைத் திருப்பி எடுத்துப்போகச் சொல்லிவிட்டு உங்கள் முதல் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்தேன். ‘நாக்கு வறண்டு கிடந்தது. கேட்டேன். குளிர்பெட்டியைக் காட்டினார். பார்த்தேன், மூடிவிட்டேன்.’ எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறீர்கள்! என்ன கேட்டீர்கள் என்று மட்டும் எழுதவில்லை. அந்தக் குளிர்பெட்டியை நானும் திறந்து பார்த்தேன். முழுக்கச் சின்னச் சின்னப் போத்தல்.

ஆறு வருஷம் என்றாள் என் மகள். அவளையும் ஏமாற்றியிருக்கிறீர்கள். ஒரு பூவைச் சொல்லி என்னையும் ஏமாற்றப் பார்த்தீர்கள்.

தாரை வார்க்க முகுந்தன் அண்ணனும் அண்ணியும் உட்காருவார்கள். நீங்கள் கல்யாணத்துக்கு வாருங்கள், வராதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தெளிவாக வாருங்கள், அது போதும்.

வீரம்மா


சுங்கை வே,
28 ஜூன் 2024

வீரம்மாவுக்கு,

உன் கடிதத்தில் மேல் பாதியைப் பல தடவை படித்தேன். கீழ்ப் பாதியை ஒரு தடவைதான் படிக்க முடிந்தது.

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. நான் தண்ணி கேட்டது உண்மை. “ஒரு தண்ணி கலக்கிக் கொடுங்க தம்பி” என்றுதான் கேட்டேன். நம் வீட்டில் தண்ணி கலக்குவது என்றால் என்ன? விருந்தாளி வந்தால் உன் அம்மா முதலில் என்ன கேட்பார்? “உக்காருங்க, தண்ணி கலக்குறேன்.” கோப்பியோ தேத்தண்ணியோ மைலோவோ, எல்லாமே நமக்குத் தண்ணிதான். அவருடைய ஊரில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் போலிருக்கிறது. உன் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்கே உறைக்கவில்லை, ஏன் அவர் முகம் அப்படி ஆனது, ஏன் குளிர்பெட்டியைக் காட்டினார் என்று.

இதை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். குடிகாரன் சொல்லும் சாக்கு மாதிரியே இருக்கிறது. வேறு யாராவது என்னிடம் இப்படிச் சொன்னால் நானே சிரிப்பேன். உனக்குச் சொன்ன பழைய சாக்குகள் இதைவிட நன்றாக இருந்தன, அதையெல்லாம் நீ நம்பினாய். இப்போது உண்மையைச் சொல்கிறேன், இது நம்பும்படி இல்லை. என்ன செய்ய?

ஹோட்டலுக்குப் போன் போட்டு அந்தத் தம்பியை உன்னிடம் பேசவைக்கலாம் என்று நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். அவருக்கு வேலையில் ஏதாவது ஆகிவிடக் கூடாது. விருந்தாளியின் மனசு குளிர வேண்டும் என்றுதானே செய்தார். அதோடு, இன்னொருவர் சாட்சி சொல்லி நீ என்னை நம்புவதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

உன் அண்ணனே உட்காரட்டும். நல்ல மனிதர். நான் பின்னால் நிற்கிறேன். தாமரையிடம் எதுவும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, அவள் சந்தோஷமாக இருக்கிற நேரம்.

தேங்காய்ப்பாலை இறக்கிய பிறகு ஊற்றச் சொன்னது நல்லது. நானும் அதை நினைத்தேன், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ராதாகிருஷ்ணன்


ரவாங்,
21 ஜூலை 2024, ஞாயிறு

என்னங்க,

இப்படி அழைத்து எட்டு வருஷம் ஆகிறது. எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அடித்துத் திருத்தப் போவதில்லை.

உங்கள் கடிதம் வந்து இத்தனை நாள் பதில் போடவில்லை. நம்பவில்லை என்பதுதான் காரணம். ‘தண்ணி என்றால் கோப்பியாம்’ என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கெண்டீன் பிள்ளைகள் நான் யாரைத் திட்டுகிறேன் என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

நேற்று நடந்ததைக் கேளுங்கள். தாமரைக்குச் சேலை எடுக்கக் கிள்ளான் போனோம். காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கி, அந்த வெயிலில் காலெல்லாம் வீங்கிவிட்டது. பிறகு விருந்து மேசை எப்படிப் போடுவார்கள் என்று பார்க்க ஹோட்டலுக்குப் போனோம். முற்றத்து ஓரம் இருந்த நாற்காலியில் விழுந்தேன். சொக்கலிங்கம் ஓடி வந்தார். குளிர்ந்த துண்டு கொடுத்தார், காலுக்கு ஒரு முக்காலி போட்டார். அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “மேடம், என்ன கொண்டுவரட்டும்?” என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டே சொன்னேன். “மொதல்ல ஒரு தண்ணி கலக்கிக் கொண்டாங்க தம்பி. தொண்டை காஞ்சு போச்சு.”

கண்ணைத் திறந்தேன். தம்பி என்னைப் பார்க்கிறார், தாமரையைப் பார்க்கிறார், சுற்றிலும் பார்க்கிறார். குனிந்து மெதுவாகக் கேட்டார்: “மேடம்... இப்பவா? மத்தியானம்தான் ஆகுது.”

“மத்தியானம் குடிச்சா என்ன? காலைல குடிச்சது, அவ்ளோதான்” என்றேன்.

“காலைலயேவா!” என்றார். பிறகு தன்னைச் சமாளித்துக்கொண்டு, “சரிங்க மேடம். ஐஸ் போடவா, சோடா ஊத்தவா?” என்றார்.

“சோடாவா? தண்ணியில யாராச்சும் சோடா ஊத்துவாங்களா? பால ஊத்துங்க தம்பி, சீனி கம்மியா!”

“பாலா மேடம்?” அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

தாமரைதான் முதலில் புரிந்துகொண்டாள். சிரித்த சிரிப்பில் சேலைப் பையெல்லாம் கீழே விழுந்துவிட்டது. “அண்ணே, அவங்க கோப்பி கேக்குறாங்கண்ணே! எங்க ஊருல அதுதான் தண்ணி லா!” என்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ மேடம், சாரும் இதே மாதிரிதான் கேட்டாரு! எங்க ஊர்ல தண்ணி கலக்குன்னா கிளாஸ்ல சரக்கு கலக்குறது மேடம். அன்னிக்கு அவர் மினிபார்ல ஒண்ணக்கூடத் தொடலை. பிராண்டு பிடிக்கலைபோலன்னு நெனச்சுத்தான் சாருக்கு நல்லதா ஒண்ணு வாங்கி வெச்சோம்!”

நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். பக்கத்து மேசை வெள்ளைக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. தாமரை பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். நீங்கள் சொல்லாதே என்று எழுதியிருந்தீர்கள், மன்னியுங்கள்.

அவள் என்னைத் திட்டவில்லை. “அப்பா கிட்ட கேட்டிருக்கலாமேம்மா” என்று மட்டும் சொன்னாள். அது இன்னும் உள்ளே குத்திக்கொண்டிருக்கிறது. நீங்கள்தான் எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்களே. கேட்காமலே சொல்லியிருந்தீர்களே. அதை நம்பாதவள், காரைக்குடித் தம்பி ஐஸ் வேண்டுமா சோடா வேண்டுமா என்று கேட்ட பிறகு நம்புகிறேன். சாட்சி சொல்லி நம்பினால் உங்களுக்குப் பெருமை இல்லை என்று எழுதினீர்கள். எனக்கும் பெருமை இல்லை. வெட்கமாக இருக்கிறது.

யாரும் பார்க்காத அறையில், யாரும் கேட்காமல், குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடியிருக்கிறீர்கள். ஒரு நாள் இல்லை, ஆறு வருஷமும் தினம் இப்படித்தானே மூடியிருப்பீர்கள். அதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

சொக்கலிங்கத்துக்கு ஒரு கெடுதலும் வராது. மேனேஜரைக் கூப்பிட்டு, இப்படி ஒரு பிள்ளையை வேலைக்கு வைத்ததற்கு நன்றி சொன்னேன். விருந்தன்றைக்குக் கோப்பி வைக்கும் மேசைக்கு ‘தண்ணி’ என்று பலகை எழுதி மாட்டலாமா என்று சொக்கலிங்கம் கேட்கிறார். வேண்டவே வேண்டாம், அவருடைய ஊர்க்காரர்களெல்லாம் வரிசையில் நின்று ஏமாந்துபோவார்கள் என்று தாமரை சொல்லிவிட்டாள். உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவர் கேட்கவேண்டியதில்லை, நான்தான் கேட்க வேண்டும்.

முகுந்தன் அண்ணனிடம் பேசிவிட்டேன். “அப்பாடா, முட்டி வலியோட தரையில எப்படி உக்காரப் போறேன்னு நானே முழிச்சுக்கிட்டு இருந்தேன், உன்கிட்ட சொல்லப் பயம்” என்றார். பாருங்கள், எனக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். நீங்கள் ஒருவர்தான் பயப்படாமல் கடிதம் எழுதினீர்கள்.

ஆவணியில் கோயிலில் நீங்கள் தாமரையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். உங்கள் கை மேல் நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். அதற்கப்புறம் என்ன என்று இப்போது கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. எட்டு வருஷமாகத் தனியாக இருந்து பழகிவிட்டேன்.

ஆனால் கல்யாணத்தன்றைக்குத்தான் முதன்முதலாக உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்று இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரவாங்குக்கு வாருங்கள். வேட்டியைக் கட்டிக் காட்டுங்கள், நீளம் பார்க்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து வரும் வழி மாறவில்லை. வெளிக்கேட்டு பூட்டியிருக்காது, தள்ளிக்கொண்டு வந்து உட்காருங்கள். தண்ணி கலக்கி வைக்கிறேன்.

உங்கள்,
வீரம்மா